கோட்டையைத் தேடிக் கிடைக்காத கோப்பு

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் இலங்கை மலையகத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் ஐந்தாறு பேர் கூடி மேசை விளையாட்டு ஆடுவது சில வருடங்களாகத் தொடரும் பழக்கம். மேசை என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளின் மேல் கெரம் பலகையை வைத்து, அதன் மேல்தான் எல்லாவற்றையும் பரப்புகிறோம். நான்கு பக்கமும் சட்டம் உயர்ந்திருப்பதால் அட்டைகள் கீழே விழாது. ஆனால் முந்தைய நாள் கெரம் ஆடியவர்கள் பவுடரைத் துடைக்காமல் போயிருந்தால், வைத்த அட்டை வைத்த இடத்தில் நிற்காது. அந்தப் பலகையின் மேல் நடந்த ஒரு சண்டைதான், விளையாட்டு விதிப்புத்தகங்களை எந்த வடிவக் கோப்பாக வைத்துக்கொள்வது என்று என்னை முதன்முதலில் யோசிக்க வைத்தது.

அன்று ஆடியது கார்கசோன். கிளவுஸ் யூர்கன் வ்ரேடே என்ற ஜெர்மானியர் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த விளையாட்டில் 72 சதுர அட்டைகள் இருக்கின்றன. முறைக்கு ஒன்றாக எடுத்து, ஏற்கெனவே கிடப்பவற்றோடு ஓரம் பொருந்த வைக்க வைக்க, கோட்டைகளும் பாதைகளும் மடங்களும் வயல்களும் பலகையில் விரிந்துகொண்டே போகும். நம்முடைய மரப் பொம்மைகளை அவற்றில் நிறுத்தி உரிமை கொண்டாடிப் புள்ளி சேர்க்க வேண்டும். இந்தப் பெட்டி ஜெர்மனியில் இருக்கும் உறவினர் ஒருவர் மூலம் எங்களுக்கு வந்தது. உள்ளே இருந்த விதிப்புத்தகமும் ஜெர்மன் மொழியில்தான் இருந்தது. ஆகவே ஆளுக்கொரு பக்கமாக இணையத்தில் தேடி, ஆங்கில விதிகளைக் கைபேசியில் இறக்கி வைத்திருந்தோம். லயத்தில் சிக்னல் சரியாக வராது. எதை இறக்குவதாக இருந்தாலும் மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறிப் போக வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு மேடேறி இறங்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பதால், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

ஆட்டம் முடிந்து, வயல்களில் விவசாயிகளாகப் படுக்க வைத்திருந்த பொம்மைகளுக்குப் புள்ளி போட வேண்டிய கட்டத்தில் சண்டை வந்தது. ஒரு வயலைத் தொட்டுக்கொண்டிருக்கும் முடிந்த கோட்டை ஒவ்வொன்றுக்கும், அந்த வயலுக்கு உரியவருக்கு 3 புள்ளி என்று என் கைபேசியில் இருந்தது. வயலை வைத்துக் கணக்கெடுக்கக் கூடாது, கோட்டையை வைத்துத்தான் எடுக்க வேண்டும், கோட்டையைச் சூழ்ந்த வயல்களில் அதிக விவசாயிகளை வைத்திருப்பவருக்கு 4 புள்ளி என்று மச்சானின் கைபேசியில் இருந்தது. மூன்றாவது கைபேசியில் இருந்தவை, யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியவை. வட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்துகள் கரைந்துபோய், எண் மூன்றா எட்டா என்றே தெரியவில்லை. அரை மணி நேரம் கத்தியபின் ஆட்டத்தைக் கலைத்துவிட்டோம்.

இரண்டு கைபேசிகளிலும் இருந்தது சரிதான் என்பது பிறகு தெரிய வந்தது. கார்கசோனின் விவசாயி விதி பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. தொடக்கத்தில் கோட்டைக்கு 4 புள்ளி என்று இருந்தது, பிற்பாடு வயலைக் கொண்டு கணக்கெடுத்து 3 புள்ளி என்று ஆகியிருக்கிறது. இரண்டே அட்டைகளில் முடியும் சின்னக் கோட்டைக்கும் முன்பு 2 புள்ளி, இப்போது 4. விதியைத் திருத்துவது வெளியீட்டாளரின் உரிமை, அதில் தவறொன்றும் இல்லை. எந்தப் பதிப்பு என்று பார்க்காமல், ‘ரூல்ஸ் புதுசு ஃபைனல்’ என்று பெயர் மாற்றிக் கைக்குக் கை அனுப்பிக்கொண்டிருந்த நாங்கள்தான் குற்றவாளிகள். புதிய விதிப்படி நான் வென்றிருந்தேன் என்பதை மட்டும் இந்த இடத்தில் பதிந்து வைக்கிறேன்.

நான் ஹட்டன் நகரத்தில் ஒரு சிறிய கடையில் பக்க வடிவமைப்பு வேலை செய்பவன். கும்பாபிஷேக மலர், மரண அறிவித்தல், கல்யாணக் கார்டு, பாடசாலைத் தவணைப் பரீட்சை வினாத்தாள் என்று கோப்புகளோடுதான் நாள் முழுவதும் பிழைப்பு. அதனால் பீடிஎஃப் வடிவத்தைப் பழிக்க எனக்கு வாய் வராது. அடோபி நிறுவனம் 1993இல் அதை வெளியிட்டதே, ஒரு கணினியில் அமைத்த பக்கம் வேறு எந்தக் கணினியிலும் எந்த அச்சுப் பொறியிலும் அப்படியே வர வேண்டும் என்பதற்காகத்தான். 2008இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆனது. கொழும்புக்குக் கொண்டுபோன கோப்பில் எழுத்துரு இல்லாமல் மாப்பிள்ளையின் பெயர் கட்டம் கட்டமாக வந்து நின்ற நாட்களைப் பார்த்தவர்களுக்கு, பீடிஎஃப் எத்தனை பெரிய நிம்மதி என்று தெரியும். ஆனால் அது காகிதத்தின் நிழல். காகிதத்துக்கு அனுப்பும்வரை அதைப் போல் ஒன்று இல்லை. காகிதமே வராத இடத்தில் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். நிமிர்த்திப் பிடித்த கைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். முழுப் பக்கத்தையும் திரைக்குள் கொண்டுவந்தால் எல்லாம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். 10 பொயின்ட் அளவில் அமைத்த எழுத்து சுமார் மூன்றேகால் பொயின்டில் வந்து நிற்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில்கூட எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கும். பெரிதாக்கிப் படிக்கலாம்தான். ஆனால் விதிப்புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பத்திகளாகப் பிரித்து, இடையிடையே படமும் பெட்டிச் செய்தியும் வைத்து அமைக்கப்படுபவை. பெரிதாக்கியவுடன் எந்தப் பத்தியின் எந்த வரியில் நிற்கிறோம் என்பது தப்பிவிடும். ஒரு பத்தியின் அடிக்குப் போய் அடுத்த பத்தியின் தலைக்குத் திரும்ப ஏறி வருவதற்குள் கேள்வி கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும்.

விதிப்புத்தகத்தை யாரும் நாவலைப் போல் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. பெட்டியைத் திறந்த அன்று ஒருவர் உட்கார்ந்து ஒரு முறை படிப்பார், மற்றவர்களுக்கு வாயால் சொல்லிக் கொடுப்பார். அதன்பின் அந்தப் புத்தகத்துக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே வேலைதான்: ஒரு கையில் சீட்டை விரித்துப் பிடித்தபடி, மறுகையின் பெருவிரலால் நான்கு பேர் முகம் சுளிப்பதற்குள் ஒரு வரியைக் கண்டுபிடித்து உரக்க வாசிப்பது. அந்த அரை நிமிடத்துக்கு உதவாத வடிவம், எத்தனை அழகாக இருந்தாலும் விளையாட்டு மேசைக்கு உதவாது என்பது என் கட்சி. ஈபப் வடிவத்தையும் முயன்று பார்த்தேன். 2007இல் தரமாக்கப்பட்ட அந்த மின்னூல் வடிவத்தில் எழுத்து திரைக்கேற்ப மடிந்து கொள்கிறது, அது நல்லது; ஆனால் தனியாக ஒரு செயலி வேண்டும், அதை எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குமேல் வைத்திருக்கவில்லை, அட்டவணைகளும் தாறுமாறாகப் பிய்ந்துபோயின. அதோடு அதை விட்டுவிட்டேன்.

சண்டை நடந்த வாரத்திலேயே, எங்கள் பெட்டிக்குரிய பதிப்பின் விதிகளை என் சொந்த வார்த்தைகளில் தமிழில் எழுதத் தொடங்கினேன். அது எங்கள் கூட்டத்துக்கு மட்டுமானது. வெளியீட்டாளரின் வாசகத்தையும் படங்களையும் அப்படியே எடுத்துப் பரப்புவது சரியல்ல. ஓர் ஆட்டத்தை எப்படி ஆடுவது என்ற முறை பொதுவானது, அதை எழுதியிருக்கும் வாசகமும் வரைந்திருக்கும் ஓவியமும்தான் ஒருவருக்குச் சொந்தம் என்ற அளவுக்கு எனக்குப் புரிந்திருந்தது. எட்டுப் பக்கத்தில் அழகாக அமைத்து, பழக்க தோஷத்தில் பீடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் அதில் ‘கோட்டை’ என்று அடித்துத் தேடினார். ஒன்றுமே கிடைக்கவில்லை. எட்டுப் பக்கமும் கோட்டையாக நிறைந்திருந்த கோப்பு அது. ‘விவசாயி’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கிறது, கோட்டை மட்டும் இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கில விதிப்புத்தகக்காரர்களுக்கு இந்தத் துன்பம் வராது. இலங்கையில் தமிழ் அச்சுவேலை நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் நடந்தது. எங்கள் கடையின் பழைய கோப்புகள் இன்றும் அதில்தான் இருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால், கணினி உள்ளே எழுதி வைத்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசையை. திரையில் அம்மா தெரிவாள், உள்ளே அம்மா இல்லை. அதில் தமிழில் தேடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் நான் விதிகளை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் வைத்திருக்கும் யுனிகோடில் அடித்தேன், அதோடு பிரச்சினை தீர்ந்தது என்றும் நம்பியிருந்தேன்.

தீரவில்லை, காரணம் நம்முடைய கொம்பு. ‘கோ’ என்ற எழுத்தை யுனிகோட், முதலில் க, அதன்பின் ஓகாரக் குறி என்று நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது. ஆனால் தாளில் வரையும்போது இரட்டைக் கொம்பு முன்னால் வருகிறது, நடுவில் க, பின்னால் கால். பீடிஎஃப் என்பது பக்கத்தில் எந்த உருவம் எந்த இடத்தில் வரையப்பட வேண்டும் என்ற குறிப்பு. அதை உருவாக்கும் மென்பொருள் கவனமாக இல்லாவிட்டால், உள்ளே பதிவாவது வரைந்த வரிசைதான், எழுதிய வரிசை அல்ல. என் கோப்பிலிருந்து அந்தச் சொல்லைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தேன்: ‘ேகாட்ைட’ என்று வந்து விழுந்தது. முன்னால் ஒரு கொம்பு தனியாகத் தொங்க, ஐகாரம் தன் டகரத்தை விட்டு முந்திய மெய்யோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ‘விவசாயி’யில் முன்னால் வரும் குறி ஒன்றுகூட இல்லாததால் அது மட்டும் தப்பித்திருந்தது. எழுத்துக்கு அடியில் மூல வாசகத்தைத் தனியே பதிந்து வைக்கும் ஏற்பாடு பீடிஎஃபில் உண்டு, அதைச் சரியாகச் செய்யும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் எல்லாக் கைபேசிச் செயலிகளும் அதைப் பார்த்துத் தேடுவதில்லை. தேடித்தர முடியாத விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆங்கிலக் கோப்பையே திறந்து மொழிபெயர்த்துச் சொல்லும் நிலைக்குத் திரும்பவும் வந்துவிட்டோம்.

வழி வேறோர் ஆட்டத்தில் கிடைத்தது. எங்கள் வீட்டில் பெட்டி விளையாட்டுகள் வருவதற்கு முன்பிருந்தே ஆடப்படும் ஆட்டம் முந்நூற்றுநான்கு. 32 சீட்டுகள், ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304, அதுவே ஆட்டத்தின் பெயர். இலங்கை முழுவதும் இதை ஆடுகிறார்கள், பெரும்பாலோர் எழுத்தில் பார்த்தே இருக்க மாட்டார்கள். மலையகத்து நாட்டார் கூத்தான காமன் கூத்தின் வாத்தியாரிடமாவது ஒரு கொப்பி இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. என் பெரியப்பாதான் எங்கள் பக்கத்தில் இந்த ஆட்டத்துக்கு நீதவான். அவர் சொல்லச் சொல்ல எழுதி, முதலில் அதையும் பீடிஎஃப் ஆக்கி அவர் கைபேசியில் போட்டுக் கொடுத்தேன். கண்புரை சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்த சமயம் அது. எழுத்தைப் பெரிதாக்கினார், இடது பக்கம் இழுத்தார், வலது பக்கம் இழுத்தார், பிறகு கைபேசியை என் மடியில் வைத்துவிட்டார்.

“ஏன்டா தம்பி, ஒரு வரி வாசிக்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு இழுத்துக்கிட்டே இருக்கணுமா? கொழுந்து எடுக்கிற வேகத்துல வெரல ஓட்டணும் போலயே.”

அன்றிரவு அதே வாசகத்தை எடுத்து எச்டிஎம்எல் கோப்பாக எழுதினேன். இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே முறைதான், ஆனால் இணையம் தேவையில்லை. ஒரே ஒரு கோப்பு, கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் உலாவியில் திறக்கும். எழுத்தை எவ்வளவு பெரிதாக அமைத்துக்கொண்டாலும் வரிகள் திரையின் அகலத்துக்குள் தாமாகவே மடிந்துகொள்கின்றன, மேலிருந்து கீழே ஒரே திசையில் விரலை ஓட்டினால் போதும். எழுதிய வரிசையே உள்ளே இருப்பதால் தமிழில் தேடினால் தமிழ் கிடைக்கிறது. தலைப்பில் ஆறு இணைப்புகளை வைத்தேன்: சீட்டு மதிப்பு, பகிர்தல், கேள்வி (ஏலம்), துரும்பு, கேப்ஸ் (எல்லாப் பிடியையும் வெல்வது), சண்டை வந்தால். கடைசித் தலைப்பைத்தான் எல்லாரும் அதிகம் தொடுகிறார்கள். உதாரணங்களை ஒரு தொடலில் விரிந்து மறு தொடலில் சுருங்கும்படி மறைத்து வைத்ததால், ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அவை குறுக்கே வருவதில்லை. யுனிகோட் தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் செலவானாலும், முழுக் கோப்பும் 30 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. நாங்கள் இறக்கி வைத்திருந்த ஆங்கில விதிப்புத்தகம் ஒன்றின் எடை 60 மெகாபைட். டேட்டா கார்ட்டைச் சுரண்டிப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு தோட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

பிறகு கார்கசோன் குறிப்பையும் அதே வழிக்கு மாற்றினேன். வயல்களின் படங்களைப் புகைப்படமாக ஒட்டாமல், கோடுகளை எழுத்தாகவே எழுதி வரையும் எஸ்விஜி முறையில் கோப்புக்குள்ளேயே வைத்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் அவை கரைவதில்லை. முதலில் இரண்டு வயல்களைப் பச்சை, மஞ்சள் என்று வண்ணத்தால் பிரித்திருந்தேன். மச்சான் அதைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டபோது இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. இப்போது ஒன்றில் சாய்கோடு, மற்றதில் புள்ளி.

இந்த வடிவத்துக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. வட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டால் எதில் திறப்பது என்று சில கைபேசிகள் கேட்கின்றன. சித்தி ஒருவர் வைரஸ் என்று பயந்து அழித்துவிட்டார். ஒரு பழைய கைபேசியில் உள் இணைப்புகள் வேலை செய்யவே இல்லை. அச்சிட்டால் பக்கம் எங்கே முறியும் என்று சொல்ல முடியாது, அட்டவணையின் தலை ஒரு தாளிலும் உடல் இன்னொரு தாளிலும் போய் விழும். ஆகவே அச்சுக்கென்று பீடிஎஃப் ஒன்றைத் தனியாகவே வைத்திருக்கிறேன்; ஆனால் அது முழு விதி அல்ல, ஏ4 தாள் ஒன்றை நான்காக மடிக்கும்படி அமைத்த சுருக்கம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களையும், கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்ததையும் பார்த்தவன் நான். கைபேசியில் சார்ஜ் இல்லாத மாலையில் குப்பி விளக்குக்குக் கீழே அந்த மடித்த தாள்தான் உதவும். கடதாசி விலை ஏறிய காலத்தில் எட்டுப் பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுக்கச் சொல்லவும் முடியாது, ஒன்றை எடுக்கச் சொல்லலாம்.

பெரிய விளையாட்டுகளில்கூட இதே இழுபறி நடப்பதைக் கவனித்திருக்கிறேன். 1974இல் முதன்முதலில் வெளிவந்த, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகளை, அதன் வெளியீட்டாளர் 2023 சனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் பெயர்குறிப்பு உரிமத்தின் கீழ் விட்டார். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். அது வந்த வடிவம் நானூறு பக்கப் பீடிஎஃப். ஆடுபவர்களோ அந்த விதிகளைப் பிய்த்தெடுத்து, வெறும் வாசகக் கோப்புகளாகவும் இணைப்புகள் கொண்ட பக்கங்களாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். உரிமம் கதவைத் திறந்துவிட்டாலும், வடிவம் வாசற்படியில் குறுக்கே கிடந்தால் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதை நகர்த்தத்தான் வேண்டியிருக்கிறது. அதைத் தமிழில் செய்யும் ஆசை எனக்கு இருக்கிறது, பொழுது இல்லை.

கார்கசோன் சண்டைக்குப் பிறகு ஒரு காரியத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் எந்த விளையாட்டு, பெட்டியின் எந்தப் பதிப்பு, என் குறிப்பின் எத்தனையாவது பதிப்பு, எந்தத் தேதி என்று எழுதுகிறேன். அதே பதிப்பு எண்ணைக் கோப்பின் பெயரிலும் வைக்கிறேன், பெயரை யாராவது மாற்றினாலும் உள்ளே இருப்பது இருக்கும். புதியது வந்தால் பழையதை அழிக்கச் சொல்கிறேன், அழிப்பவர் பாதிப்பேர்தான். என்றாலும் கைபேசிகளை அருகருகே வைத்து முதல் வரியை ஒப்பிட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் பழக்கம் வந்துவிட்டது.

முந்நூற்றுநான்குக்கு இப்போது பதிப்பு 7 நடக்கிறது. துரும்புச் சீட்டை மூடி வைத்தே ஆடுவதா, தொடக்கத்திலேயே திறந்து காட்டிவிட்டு ஆடுவதா என்பதில் பெரியப்பாவுக்கும், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டாருக்கும் தைப்பொங்கலன்று பெரிய வாக்குவாதம் நடந்தது. ‘சண்டை வந்தால்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு வழக்கங்களையும் எழுதி, எதை ஆடுவது என்று சீட்டைப் பகிர்வதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளவும் என்று ஒரு வரி சேர்த்து, கோயில் மேட்டில் நின்று எல்லாருக்கும் அனுப்பிவிட்டு வந்தேன். சத்திரசிகிச்சை முடிந்து கண் தெளிந்திருந்த பெரியப்பா கண்ணாடிகூடப் போடாமல் கடைசிவரை உருட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுதான் கேட்டார்.

“நம்ம தோட்டத்து வெளாட்ட மொதல்ல போட்டியா, ரெண்டாவதாப் போட்டியா?”

இரண்டாவதாகத்தான் போட்டிருக்கிறேன். இந்த வாரம் பதிப்பு 8 வரும்.